தாத்தாவின் கொடித்தமிழ்

இந்த இதழில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியை எடுத்தவர்கள். சிலர் தமிழ் இலக்கியத்தையும் சேர்த்து எடுத்தவர்கள். நான் இரண்டையும் எடுக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்து, யு.பி.எஸ்.ஆர். தேர்வில் தமிழ்மொழித் தாள்கள் இரண்டிலும் 'ஏ' வாங்கிய நான், தேசிய இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்துக்கு வந்ததும் தமிழை விட்டுவிட்டேன். இதைச் சொல்லாமல் என் தாத்தாவைப் பற்றி எழுத முடியாது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தாத்தா, அம்மாவின் அப்பா. 1942ஆம் ஆண்டில் பிறந்தவர். "ஜப்பான்காரன் வந்த வருஷம்" என்றுதான் சொல்வார். பிறந்து வளர்ந்தது கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ். அவருடைய அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. 1905 வாக்கில் கட்டப்பட்ட 'நூறு குவாட்டர்ஸ்' வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். அந்த வீடுகள் இப்போது இல்லை. அந்தப் பக்கம் போகும் போதெல்லாம் தாத்தா காடியை மெதுவாக ஓட்டுவார். "இங்க ஒரு மாமரம் இருந்துச்சி, பாப்பா" என்பார். நான் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பேன்.

1961ஆம் ஆண்டு, தம் பத்தொன்பதாம் வயதில், தாத்தா அரச மலாயாக் கடற்படையில் சேர்ந்தார். அப்போது நம் கடற்படையின் தலைமைத் தளம் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருந்தது. 'கே.டி. மலாயா' என்பது அதன் பெயர். கப்பலின் பெயர் போலத் தோன்றினாலும் அது கரையில் இருந்த தளம்தான். ரயில்வேகாரர் மகன் ரயிலேறிப் போய் அங்கே மாலுமி ஆனார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை சமிக்ஞை. அதாவது, கொடியாலும் விளக்காலும் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குச் செய்தி அனுப்பும் வேலை.

1963இல் மலேசியா அமைந்தபோது கடற்படையின் பெயர் அரச மலேசியக் கடற்படை என மாறியது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் கட்டப்பட்ட ஆறு புதிய ரோந்துக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் 103 அடி நீளம். அவற்றுள் ஒன்றான 'கே.டி. ஸ்ரீ பேராக்'கில் தாத்தா இருந்தார். இந்தோனேசியாவுடனான மோதல் காலம் அது. 1964 ஆகஸ்டில் இந்தோனேசியப் படையினர் ஜொகூர், பொந்தியான் கரையில் இறங்கிய செய்தியை நாம் வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியில் படித்திருப்போம். தாத்தாவுக்கு அது ஒரு வரி அல்ல. இரவு முழுவதும் விளக்கை அணைத்துவிட்டு நீரிணையில் நிற்பார்களாம். மீன்பிடிப் படகு எது, எதிரியின் படகு எது என்று இருட்டில் தெரியாதாம். "பயமா இருந்துச்சா தாத்தா?" என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். "பயத்த விடத் தூக்கந்தான் பெரிய எதிரி" என்றார்.

அவர் பெருமையாகச் சொல்லும் பெயர் ஒன்று உண்டு. 1967 டிசம்பர் முதல் நாள், கே. தனபாலசிங்கம் நம் கடற்படையின் தலைவராகப் பொறுப்பேற்றார். அதுவரை அந்தப் பதவியில் இருந்தவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கடற்படைகளிலிருந்து வந்த அதிகாரிகள். முதல் மலேசியத் தலைவர் ஒரு தமிழர். விக்டோரியா கல்விக்கூடத்தில் படித்து, இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர். அப்போது அவருக்கு வயது 31 மட்டுமே. 1976 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். சிங்கப்பூர் 1965இல் தனி நாடான பிறகு நம் கடற்படையின் தலைமைத் தளம் வேறொரு நாட்டுக்குள் இருந்தது. அதைப் பேராக் மாநிலத்தின் லூமுட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் அவர் காலத்தில்தான் உருவெடுத்தது. "எங்க அட்மிரல்" என்று தாத்தா சொல்லும்போது அவருடைய முதுகு தானாக நிமிரும்.

இவ்வளவு பெருமையோடு இருந்தவர் 1973இல் கடற்படையை விட்டு வந்துவிட்டார். காரணம் என் அம்மா. அப்போது அம்மாவுக்கு இரண்டு வயது. நான்கு மாதம் கடலில் இருந்துவிட்டுத் தாத்தா வீட்டுக்கு வந்திருக்கிறார். கையை நீட்டியபோது, அம்மா பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அங்கிளப் போகச் சொல்லு" என்று அழுதாராம். தாத்தா சீருடையைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாராம். இதைப் பாட்டி எனக்குப் பல முறை சொல்லியிருக்கிறார். தாத்தா ஒரு முறையும் சொன்னதில்லை.

படைவீரர்கள் ஓய்வூதியம் பெற 21 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். தாத்தா முடித்தது பன்னிரண்டு. ஓய்வூதியம் இல்லாமல், முப்பத்தோரு வயதில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியராக வாழ்க்கையை மறுபடியும் தொடங்கினார். பிறகு பயிற்சி முடித்து நிரந்தர ஆசிரியரானார். 1997இல் பணி ஓய்வு பெறும் வரை கிள்ளானிலேயே இருந்தார். அதன் பின் ஒரு நாள் கூட அவர் வீட்டை விட்டு வெளியே தங்கியதில்லை என்பார் பாட்டி. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பாட்டிக்குக் கோப்பி கலக்குவது அவர்தான். எங்கள் எல்லோருக்கும் சேலைத் தொட்டில் கட்டியதும் அவர்தான். மாலுமிகள் கயிற்றில் போடும் முடிச்சு அது. எவ்வளவு ஆட்டினாலும் அவிழாது. அவிழ்க்க வேண்டுமென்றால் ஒரு விரல் போதும்.

இனி அந்தக் கொடி விஷயத்துக்கு வருகிறேன்.

கடற்படையில் 'செமாபோர்' என்று ஒரு முறை உண்டு. இரண்டு கைகளிலும் ஒவ்வொரு கொடியைப் பிடித்துக்கொண்டு, கைகளை வெவ்வேறு கோணங்களில் நீட்டி எழுத்துகளைக் காட்டுவது. ஒரு கைக்கு எட்டு நிலைகள். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளையும் அப்படியே காட்டிவிடலாம். வகுப்பில் தமிழ் எழுத்துகளைச் சொல்லிக் கொடுக்கும்போது, இதைத் தமிழில் செய்தால் என்ன என்று தாத்தாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் தமிழில் 247 எழுத்துகள் ஆயிற்றே?

தாத்தா கணக்குப் போட்டார். உயிர்மெய் 216ஐயும் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. மெய்யைக் காட்டி, அடுத்து உயிரைக் காட்டினால் போதும். 'க்' பிறகு 'அ' காட்டினால் 'க'. மிச்சம் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மொத்தம் 31. இதுவும் அதிகம். அப்போதுதான் அவருக்கு மாத்திரை நினைவுக்கு வந்திருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆகவே 'அ'வைக் காட்டி ஓர் எண்ணிக்கை நிறுத்தினால் 'அ'. அதையே இரண்டு எண்ணிக்கை நிறுத்தினால் 'ஆ'. ஐந்து நெடில்களுக்குத் தனிக் குறி தேவையில்லை. 'ஐ', 'ஔ' இரண்டுக்கும் மட்டும் குறில் இணை இல்லாததால் தனிக் குறி. இப்போது கூட்டிப் பாருங்கள்: குறில் 5, ஐ, ஔ, மெய் 18, ஆய்தம் 1. சரியாக 26!

"வெள்ளக்காரனுக்கும் இருபத்தாறு, நமக்கும் இருபத்தாறு. கொடி ஒன்னுதான், பாப்பா" என்று சொல்லிச் சிரிப்பார். ஓசை ஒத்துப்போகும் எழுத்துகளுக்கு ஆங்கிலத்தின் நிலைகளையே வைத்துக்கொண்டார். 'ழ்', 'ள்', 'ற்', 'ண்' போன்றவற்றுக்கு மிச்சமிருந்த நிலைகளைக் கொடுத்தார். பாட்டியின் பழைய சிவப்புச் சேலையையும் மஞ்சள் சேலையையும் வெட்டிக் கொடிகள் தைத்தார்கள். பள்ளித் திடலின் இந்தக் கோடியில் ஒரு மாணவன், அந்தக் கோடியில் ஒரு மாணவன். உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்பதை அவருடைய மாணவர்கள் கையால் கற்றார்கள்.

ஒரு விதியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒவ்வொரு சொல்லும் முடிந்ததும், பார்த்துக்கொண்டிருப்பவர் வலக்கையைச் சாய்வாக மேலே தூக்க வேண்டும். 'புரிந்தது' என்று பொருள். புரியாவிட்டால் தூக்கக் கூடாது. "புரியாமத் தூக்கினா கப்பல் கல்லுல மோதும்" என்பார்.

எனக்கும் ஏழு வயதில் கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளான் துறைமுகம் பக்கம், தஞ்சோங் ஹாராப்பானுக்கு அழைத்துப் போவார். கடலோரத்தில் உட்கார்ந்து கப்பல்களின் கொடிகளைப் படித்துக் காட்டுவார். பாதி வெள்ளை, பாதி சிவப்பு என்றால் மாலுமி வழிகாட்டி ஏறியிருக்கிறார். முழுச் சிவப்பு என்றால் ஆபத்தான சரக்கு. பிறகு அவர் ஐம்பது அடி தள்ளிப் போய் நின்று கைகளால் எனக்குச் சொற்களை அனுப்புவார். 'கடல்', 'நண்டு', 'ஐஸ்' என்று வரும். 'ஐஸ்' வரும்போது கிரந்தம் இல்லையே என்று 'ஐசு' ஆக்கிவிடுவார். நான் கையைத் தூக்கினால் ஐஸ்கிரீம் கிடைக்கும்.

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் ஞாயிற்றுக்கிழமைகள் குறைந்தன. நண்பர்கள் வேறு, பேச்சு வேறு. 2019, நான்காம் படிவம். தமிழ் வகுப்பு பாடநேரத்துக்கு வெளியே, சனிக்கிழமை காலையில் நடந்தது. அதே நேரத்தில் கணக்கு டியூஷன். நான் கணக்கைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டில் சொன்னபோது அம்மா கோபப்பட்டார். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை, தோழியின் அப்பா என்னை டியூஷனுக்கு ஏற்றிக்கொள்ள வந்தார். காடியில் மூன்று தோழிகள். நான் ஏறிக் கதவைச் சாத்தியபோது தாத்தா வாசலுக்கு வந்தார். கையில் இரண்டு அடுப்படித் துணிகள். நிமிர்ந்து நின்று, நிதானமாக, ஐந்து குறிகள் காட்டினார். த், அ, ம், இ, ழ்.

எனக்குப் புரிந்தது. ஒவ்வோர் எழுத்தும் புரிந்தது. "ஹேய், உன் தாத்தா என்னா செய்றாரு, சேனாமா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையைத் தூக்கவில்லை. காடி முனையில் திரும்பும் வரை அவர் துணிகளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அன்று மாலை, "தாத்தா, இனிமே பிரண்ட்ஸ் முன்னால அப்படிச் செய்யாதீங்க. அசிங்கமா இருக்கு" என்றேன்.

"சரி, பாப்பா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு அவர் கொடி காட்டவே இல்லை. நானும் மறந்து போனேன்.

2021 ஆகஸ்டு. கோவிட் நோய்த்தொற்று கிள்ளான் பள்ளத்தாக்கில் உச்சத்தில் இருந்த நேரம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொற்று. எங்களுக்கெல்லாம் காய்ச்சலோடு போனது. தாத்தாவுக்கு மூச்சுத் திணறல். ஒரு நாள் காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. யாரும் கூடப் போகக் கூடாது. நான் மாடி அறையில் தனிமைப்படுத்தப்பட்டிருந்தேன். சன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளை உடுப்பு அணிந்த இருவர் தாத்தாவை நடத்திக்கொண்டு போனார்கள். வண்டியின் படியில் கால் வைப்பதற்கு முன் அவர் நின்றார். திரும்பி என் சன்னலைப் பார்த்தார். பிடித்திருந்த கைகளை மெதுவாக விலக்கிவிட்டு, நிமிர முயன்றார்.

கைகள் அசைந்தன. ஐந்து அசைவுகள். முதலாவது எதுவென்று நான் சுதாரிப்பதற்குள் முடிந்துவிட்டது. பிறகு வலக்கை மட்டும் கீழே சாய்வாக. பிறகு இரண்டு கைகளும் பக்கவாட்டில் விரிந்தன. பிறகு இடக்கை சாய்வாக மேலே தூக்கி, நடுங்க நடுங்க, கொஞ்ச நேரம் அப்படியே. நான் அதை டாட்டா என்றுதான் நினைத்தேன். கடைசியில் இரண்டு கைகளும் கீழே சாய்வாக இறங்கின. களைத்துப்போய்க் கையைப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, அது களைப்பு அல்ல, எழுத்து என்று. ஆனால் எந்த எழுத்து? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அவர் காத்துக்கொண்டிருந்தார். நான் வலக்கையைத் தூக்கினேன்.

புரிந்தது என்று சொன்னேன். எனக்குப் புரியவில்லை. தாத்தா தலையை ஆட்டினார். வண்டியில் ஏறினார். பத்து நாள்களுக்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. அப்பாவும் மாமாவும் மட்டும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். 1984இல் 'கே.டி. ஸ்ரீ பேராக்' புயலில் சிக்கி மூழ்கிய செய்தியை நாளேட்டில் படித்துவிட்டு, தாத்தா அன்று முழுவதும் யாரிடமும் பேசாமல் இருந்தாராம். எங்கள் வீடும் அந்த வாரம் அப்படித்தான் இருந்தது.

எனக்கு நினைவிருந்த நான்கு அசைவுகளையும் அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் குச்சி மனிதர்களாக வரைந்து வைத்தேன். தாத்தாவின் அலமாரியில் தேடினேன். அவர் எழுதிவைத்த பட்டியல் இல்லை. எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அம்மாவுக்கு 'அம்மா' என்ற சொல்லைக் காட்ட மட்டும் நினைவிருந்தது. ஆங்கிலச் செமாபோர் இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் தாத்தா எந்த நிலையை எந்தத் தமிழ் எழுத்துக்கு வைத்திருந்தார் என்று எந்த இணையத்தில் தேடுவது?

ஆறாம் படிவம் முடித்துப் பல்கலைக்கழகம் வந்தேன். கணக்கியல் மாணவி நான். புதிய மாணவர் வாரத்தில் தமிழ்ப் பேரவையின் முகப்பில் நின்ற அக்கா, "எஸ்.பி.எம். தமிழ்ல என்ன கிரேட் தங்கச்சி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். "எடுக்கல" என்றேன். "பரவால, எழுதுங்க" என்று உறுப்பினர் படிவத்தை நீட்டினார். என் பெயரைத் தமிழில் எழுதி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று அப்போதுதான் உறைத்தது.

2024 தீபாவளிக்கு முன், அம்மாவும் நானும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். துன் சம்பந்தன் சாலையில் ஒரு பூக்கடை. பூக்கட்டிக்கொண்டிருந்த அண்ணன் அம்மாவை உற்றுப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க சார் மகள்தானே?" என்றார். எண்பதுகளில் கிள்ளானில் தாத்தாவிடம் படித்தவர். சார் இறந்த செய்தி அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மல்லிகைச் சரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார்.

எனக்குத் தோன்றியது, கேட்டுவிட்டேன். "அண்ணா, தாத்தா சொல்லிக் கொடுத்த கொடி ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

அவர் பதில் சொல்லவில்லை. சாலையோரம் இரண்டடி தள்ளி நின்று, ஈரக் கைகளை நீட்டினார். க், ங், ச், ஞ் என்று பதினெட்டு மெய்யும் வரிசையாக வந்தன. நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அதை எப்போதும் பையில் வைத்திருப்பேன். குச்சி மனிதர்களைக் காட்டினேன். வலக்கை கீழே: 'அ'. இரு கைகளும் பக்கவாட்டில்: 'ர்'. இடக்கை சாய்வாக மேலே: 'எ'. "ரொம்ப நேரம் நிறுத்தினாரு அண்ணா" என்றேன். "அப்படின்னா 'ஏ'. ரெண்டு மாத்திரை." இரு கைகளும் கீழே: 'ன்'.

முதல் எழுத்து மட்டும் எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"அது 'வ்'தான் மா" என்றார். "சார் பள்ளி முடிஞ்சி மோட்டார்ல கெளம்புறதுக்கு முன்னால, தெனமும் திடல்ல நின்னு எங்களுக்கு அதத்தான் காட்டுவாரு. வரேன்."

நம் வீடுகளில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. மருத்துவமனைக்குப் போகும்போதும் அப்படித்தான்.

முதல் எழுத்தை நான் பார்க்கவில்லை என்பது உண்மை. அது வேறு சொல்லாகவும் இருந்திருக்கலாம். எனினும் அந்த அண்ணன் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் புரியாமல் கையைத் தூக்கியதை மட்டும் எந்தப் பட்டியலாலும் மாற்ற முடியாது.

26 குறிகளையும் இப்போது வரைந்து முடித்துவிட்டேன். மெய்கள் பூக்கடை அண்ணனிடமிருந்து. உயிர்கள் அவர் தேடித் தந்த இன்னும் இரு பழைய மாணவர்களிடமிருந்து. 'ஔ'வை உறுதி செய்ய மட்டும் மூன்று மாதம் ஆயிற்று. வாசக நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ எழுதிவைக்காத ஏதோ ஒன்றைத் தலைக்குள் வைத்திருக்கலாம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் தெருவில் நின்று பொறுக்க வேண்டியதாயிற்று.

பேரவை நண்பர்களோடு சேர்ந்து, மாதம் இரண்டு சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு வகுப்பு நடத்துகிறோம். எனக்குக் கொடுக்கப்பட்டது மூன்றாம் ஆண்டு. சிவப்பும் மஞ்சளுமாகக் கொடிகள் பாட்டி தைத்துக் கொடுத்தார். வகுப்பு முடிந்ததும் திடலின் கோடியில் நின்று ஐந்து குறிகள் காட்டுவேன். பிள்ளைகள் 'ஓ'வென்று கத்திக்கொண்டு வலக்கையைத் தூக்குவார்கள்.

போன வாரம் ஒரு பையன் மட்டும் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிடப் பார்த்தான். அவன் உதறிவிட்டு, "எனக்குப் புரியல டீச்சர்" என்று அங்கிருந்தே கத்தினான்.

நான் மறுபடியும் முதலிலிருந்து காட்டினேன்.